கீழ்வீட்டுச் சுவர்கள்

வெலிங்டன்
04.05.2025

அன்புள்ள றஊப் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நீங்கள் போனை எடுக்காததால் எழுதுகிறேன். தங்கச்சி றுக்கியாவின் கல்யாணத்துக்காக என் வீட்டின் மேல் மாடி கட்டச் சம்மதித்து, வரைபடமும் நானே கீறி அனுப்பினேன். நேற்று அவள் அனுப்பிய படத்தைப் பார்த்தால், கீழ்வீட்டின் முன்சுவரும் இரண்டு குறுக்குச் சுவர்களும் இல்லை! யாரைக் கேட்டு உடைத்தீர்கள்?

நிலம் அதிர்ந்தால் வீடு பக்கவாட்டில் ஆடும். அந்த ஆட்டத்தைப் பிடித்து நிறுத்துவது சுவர்கள்தான். மேலே பாரத்தை ஏற்றிக் கீழே வெறும் தூண்களை விட்டால், தூண் முறிந்து மாடி அப்படியே உட்கார்ந்துவிடும். நிலம் அடிக்கடி நடுங்கும் இந்த நாட்டில் எனக்கு இதைப் பார்ப்பதுதான் வேலை. புதுத் தூண்களில் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பிகளையாவது நான் கீறியபடி நெருக்கமாகக் கட்டினீர்களா?

கோபத்துடன்,
ஹுஸ்னியா

கிண்ணியா
16.05.2025

அன்புத் தங்கச்சி ஹுஸ்னியாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். ஓம், உடைத்தது நான்தான். முன்பக்கம் கடை போடப்போகிறேன். கிண்ணியாவில் எந்தக் காலத்தில் நிலம் நடுங்கியது? மேசன் றுவைஸ் உன் வரைபடத்தைப் பார்த்துச் சிரிக்கிறான். "இவ்வளவு கிட்டக் கிட்ட வளையம் போட்டா கொங்கிரீட் இறங்க ஏலாது காக்கா, இதென்ன குருவிக்கூடா?" என்கிறான். பாதி வளையங்களை விட்டுவிட்டோம்.

நம் ஊர் வழக்கத்தில் வீடெல்லாம் பெண்பிள்ளைகளுக்கு. வாப்பாவோடு கல் சுமந்து உன் வீட்டைக் கட்டியவன் நான். இன்றும் மனைவி வீட்டில் இருக்கிறேன். ஒரு கடை போட்டால் அதற்கும் பாடம் நடத்துகிறாய். நீ வெளிநாடு போய்ப் பதின்மூன்று வருடமாகப் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு இவ்வளவு ரோசமா?

றஊப்

வெலிங்டன்
01.06.2025

றஊப் காக்காவுக்கு,

கடல் ஊருக்குள் வரும் என்று 2004க்கு முதல் யாராவது சொல்லியிருந்தால் றுவைஸ் அதற்கும் சிரித்திருப்பான். நிலம் நடுங்காமலே போகலாம். அதை நம்பி றுக்கியாவை அந்த மாடியில் குடிவைக்க என்னால் ஏலாது.

உங்கள் மனவருத்தம் நியாயம்தான். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வீட்டைச் சுற்றியுள்ள வளவின் முன்பக்கத்தைக் கடைக்குத் தந்திருப்பேன். கேட்காமல் உடைத்ததை மன்னிக்க மனம் வரவில்லை.

மாடி வேண்டாம். அந்தத் தூண்களை இடித்துவிட்டு, சுவர்களைத் திரும்ப எழுப்புங்கள். வீட்டை றுக்கியாவின் பெயருக்கு எழுதிவிட்டேன். புதன்கிழமை உறுதிப் பத்திரம் அவள் கைக்கு வரும். அவள் கீழேயே வாழட்டும். இனி அங்கே ஓர் ஆணி அடிப்பதென்றாலும் அவளைக் கேளுங்கள்.

கல்யாணத்துக்கு வருவேன். தங்குவதற்குத் திருகோணமலையில் ஹோட்டல் அறை எடுத்துவிட்டேன்.

ஹுஸ்னியா