லேனா ஆற்றின் இக்கரையில்

அன்புள்ள அப்பாவுக்கு,

கிளாவா எழுதுகிறேன். உங்கள் மூட்டுவலி குறைந்ததா? வோல்காவில் பனி கரைந்ததுமே தூண்டிலோடு கிளம்பியிருப்பீர்கள். இங்கே லேனா ஆறு இன்னும் உறைந்துதான் கிடக்கிறது.

உங்கள் பிறந்தநாளுக்குச் சொல்லாமல் வந்து நிற்கலாமென்று போன வாரம் புறப்பட்டேன். விமான நிலையம் அக்கரையில். உறைந்த ஆற்றின்மேல் லாரியில் போனோம்.

"கதவத் திறந்தே வைங்கக்கா. ஆறு கூப்பிட்டா யோசிக்காம குதிச்சிடணும்" என்று சிரித்தார் ஓட்டுநர் அஃபனாசி.

நடு ஆற்றில் பின்சக்கரம் பனியை உடைத்துக்கொண்டு இறங்கியது. குதித்துவிட்டோம். முழங்கால் வரைதான் நனைந்தேன், பயப்படாதீர்கள். லாரியையும் இக்கரைக்கே இழுத்து மீட்டார்கள். ஆனால் அன்றே பாதையை மூடிவிட்டார்கள். பனி முழுதும் உடைந்து ஓடிப் படகு விடும்வரை நான் இக்கரையில்தான்.

இங்குள்ள ஆறெல்லாம் வடக்கே கடலுக்குப் போகின்றன, அப்பா. தண்ணீர்கூட நம் வீட்டுப் பக்கம் திரும்புவதில்லை.

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்புங்கள். கொஞ்சம் சதகுப்பை விதையும். கோடையிலும் ஒரு முழத்துக்குக் கீழே மண் உறைந்தே இருக்கும். ஜன்னலோரம் தொட்டியில் போட்டுக்கொள்கிறேன். பொட்டலத்தை நீங்களே கட்டுங்கள்.

இந்த ஊர் நோயாளி ஒருவரை அக்கரைக்கு ஏற்றிப்போக ஹெலிகாப்டர் வந்துவிட்டது. என்னையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன்.

"படுத்திருக்கவருக்கே இடம் பத்தல தங்கச்சி. கடிதம் இருந்தா சீக்கிரம் குடு" என்கிறார் விமானி.

இதுவாவது உங்களிடம் வரட்டும்.

கிளாவா