காற்று மட்டும்

அன்புள்ள உங்களுக்கு,

எல்லோரும் சுகம்தானே? அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் சொன்னால் குரலை வைத்தே பொய் என்பீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே நாங்கள் பின்னணி இசை போடும் படத்தில் கணவன் வெளியூர் போனபின் ஒருத்தி தனியாகப் படுத்திருக்கிறாள். அந்தக் காட்சிக்கு எந்த வாத்தியம் என்று வாரம் முழுக்க மண்டை காய்ந்தது. வயலின் வைத்தோம். டைரக்டர், "அழுவாச்சியா இருக்கு" என்றார். புல்லாங்குழலுக்கு, "ஆடு மேய்க்கவா போறா?" என்றார். வீணைக்குக் கையெடுத்துக் கும்பிட்டே விட்டார்.

கடைசியில் என்னைப் பழைய ஆர்மோனியத்தின் முன் உட்காரவைத்தார்கள். வாசிக்கத் தெம்பில்லை. கட்டை எதையும் தொடாமல் துருத்தியை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன். ஓட்டை வழியே உஸ்... உஸ்... என்று காற்று வந்துபோனது. மைக் ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

டைரக்டர் எழுந்தே விட்டார். "இதான்மா! பக்கத்துல யாரோ தூங்குற மாதிரி இருக்கு!"

எல்லோரும் கைதட்டினார்கள். நான் முகம் கழுவப் போய்விட்டேன்.

வேறு விசேஷமில்லை. மாத்திரையைச் சாப்பிட்டபின் போடுங்கள். அப்புறம், ராத்திரி எனக்குக் குரல் பதிவு அனுப்பும்போது, பேசி முடித்ததும் பட்டென்று நிறுத்திவிடாதீர்கள். போனைத் தலைமாட்டில் வைத்துவிட்டு அப்படியே தூங்குங்கள். குறட்டை வந்தாலும் பரவாயில்லை.

கூப்பிடுகிறார்கள்.

உங்கள் வீட்டுக்காரி