பொதுமக்கள் வரும் வழி

மாசி,

இருபத்தெட்டு வருஷம் கழித்து எழுதுகிறேன். படிக்காமல் கிழித்துவிடாதே.

உத்திரமேரூரில் நம் மனமகிழ் மன்றம் இன்னும் இருக்கிறது. 'நம்' என்று கை தானாக எழுதிவிட்டது, அடிக்க மனமில்லை. இப்போது நான்தான் செயலாளர். உறுப்பினர்களுக்கு மட்டும் சமைத்த அடுப்பில் இனி எல்லோருக்கும் சாப்பாடு போட அனுமதி கேட்டிருக்கிறோம்.

ஏரிக்காற்றில் பந்து திசைமாறினால், "வுடு நைனா, நான் பாத்துக்கிறேன்" என்று பின்னாலிருந்து கத்துவாய். ஆடுகளத்தைக் கடக்கும்போதெல்லாம் அது காதில் விழுகிறது. நாம் கோப்பை வாங்கிய அன்று மணத்த கறிக்குழம்பும் நினைவுக்கு வரும். அன்று இலை போட்டதும் நான் உன்னிடம் சொன்ன மன்ற விதியை இங்கே எழுத மாட்டேன். நீ சாப்பிடாமலே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனாய். ஆட வரும்போதும் உனக்கு அந்தக் கதவுதான்.

போன மாதம் விண்ணப்பத்தோடு கொடுத்த கட்டட வரைபடத்தைப் பார்த்த அதிகாரி, "பப்ளிக் எந்தப் பக்கம் சார் வருவாங்க? சைடுல ஒரு கதவு கீதே, அதையே காட்டிடுங்க. சீக்கிரம் பாஸாயிடும்" என்றார். உறுப்பினர்களும் தலையாட்டினார்கள். எனக்கு வந்த கோபத்தில் முன்வாசலைக் குறித்துக் கொடுத்தேன். சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் இல்லை, அகலம் போதாது என்று விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. இப்போது முன்படிகளை இடித்துக்கொண்டிருக்கிறோம்.

அனுமதி கிடைக்குமோ, கிடைக்காதோ. அந்தப் பக்கவாட்டுக் கதவை மட்டும் இன்று காலை செங்கல் வைத்து அடைத்துவிட்டேன்.

வந்தால் முன்பக்கமாக வா.

உன் பழைய ஆட்டக்கார ஜோடி