மீட்டு அனுப்பிய சுவிசேஷம்

வான் என்னும் ஏரியின் கரை,
திராட்சை அறுவடைக் காலம்.

தப்ரீஸ் நகரில் வணிகம் செய்யும் மதிப்பிற்குரிய கோஜா ஹைராபெத் ஐயா அவர்களுக்கு, சிமாவோன் மனைவி ஹெரிக்னாஸ் வணங்கி எழுதுவது. நீங்களும் உங்கள் வீட்டு அம்மாவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

சந்தையில் நீங்கள் விலை கொடுத்து மீட்ட நம் கோயில் சுவிசேஷப் புத்தகம் பத்திரமாக வந்து சேர்ந்தது. சிறைமீண்ட பிள்ளையை அழைக்கப் போவதுபோல் ஊரே மெழுகுவர்த்தியோடு நீங்கள் கட்டித் தந்த பாலத்துக்குப் போனது. அதைச் சுமந்து வந்த, பாலம் கட்டுமுன் ஊரைவிட்டுப் போயிருந்த நம்மூர்க் கோவேறு கழுதை பாலத்தில் ஏறாமல் நின்றுவிட்டது. "பாலத்தைப் பாத்ததும் இது நம்ம ஊருதானான்னு அதுக்கே சந்தேகம் வந்துடுச்சு" என்றாள் கொத்தனார் மனைவி. அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்துவிட்டோம்.

இந்த வருடம் பனி உருகி ஆறு பெருகியபோது யாரையும் அடித்துக்கொண்டு போகவில்லை. எனக்கு நினைவு தெரிந்து இப்படி ஒரு வருடம் இருந்ததில்லை. நீங்கள் சொன்னபடி பாலத்துக் கல்லில் உங்கள் தாய் தகப்பன் பெயரைத்தான் வெட்டியிருக்கிறது. ஆனாலும் சனங்கள் உங்கள் வணிகர் பட்டத்தை வைத்து கோஜா பாலம் என்றே சொல்கிறார்கள். கோபிக்க வேண்டாம்.

புத்தக அட்டையின் வெள்ளியைப் பிடுங்கியிருக்கிறார்கள். லூக்காவில் சில தாள்கள் நனைந்திருக்கின்றன. எழுத்துக்குக் குறைவில்லை. அது என் கணவரின் கையெழுத்து என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. மை அரைத்துக் கொடுத்தவள் நான். குதிரைப் படை கோயிலைக் கொள்ளையடித்த அன்று, புத்தகத்தோடு அதை விடாமல் பிடித்திருந்தவரையும் கொண்டுபோனார்கள்.

கடைசித் தாளில் நன்றிக் குறிப்பு எழுதும்படி குருவானவர் என்னிடம் சொன்னார். உங்கள் பெயரையும் உங்கள் வீட்டார் பெயர்களையும் சிவப்பு மையில் எழுதினேன். பிறகு அவர் தயங்கித் தயங்கி, "சிமாவோன் பேரை இறந்தவங்களோட சேர்த்துடும்மா. வருஷக்கணக்காச்சே, ஆத்துமா சாந்திக்காவது ஆகும்" என்றார். "வாசிக்கிறவர்களே, உயிரோடிருக்கும் சிமாவோனை நினையுங்கள்" என்று எழுதினேன். குருவானவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குனிந்து, மை காய ஊதினார்.

ஐயா, இவ்வளவு செய்தவரிடம் இன்னும் கேட்பது பேராசைதான். நீங்கள் போகும் ஊர்ச் சந்தைகளில் யாராவது நம் எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தால், எழுதும்போது தலையை இடப்பக்கம் சாய்ப்பவராக இருந்தால், சற்று நில்லுங்கள். புத்தகம் வீட்டுக்கு வந்துவிட்டது என்று அவரிடம் சொல்லுங்கள்.

கர்த்தர் உங்களை எல்லா வழிகளிலும் காத்து, காத்திருப்பவர்களிடம் திருப்பிக் கொண்டுவரட்டும்.

உங்களுக்காக மன்றாடும்,
ஹெரிக்னாஸ்