அடுப்படி இருந்த இடம்

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் முதுகுவலி குறைந்ததா? பாப்பாவுக்குச் சளி விட்டதா? நான் நலம்தான்.

இப்போது மலையடிவாரத்தில் வேலை. பல வருடங்களுக்கு முன் மண் சரிந்து மூடிய வீடுகள் எங்கே கிடக்கின்றன என்று, ரோடு போடுமுன் தேடுகிறோம். இரும்புக் கம்பிகளை வரிசையாகத் தரையில் அடித்து மின்சாரம் விடுவோம். ஈர மண்ணில் அது சுலபமாகப் போகும். கல்சுவர் வந்தால் தடுக்கும். பயப்படாதீர்கள், எங்களுக்கு ஷாக் அடிக்காது.

நேற்று ஒரு பெரியவர் வந்தார். அவர் வீடும் அங்கேதான் புதைந்ததாம். மனைவியின் உடல் கிடைக்கவே இல்லையாம். மெஷின் திரையில் கோடுகளாகத் தெரிந்த சுவர்களைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"இதுல அடுப்படி எந்தப் பக்கம்மா?"

"மெஷினுக்கு அது தெரியாதுங்கய்யா. வாசல் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"ஆத்தப் பாத்து. அடுப்படி பின்னால, வலது மூலையில."

கணக்குப் பார்த்து அந்த இடத்துக்கு அழைத்துப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பக்கத்தில் அடுத்த கம்பியை அடிக்க எங்கள் ஆள் சுத்தியலை ஓங்கினார்.

"மெதுவா அடிப்பா," என்றார் பெரியவர். "டீ போட்டுட்டு வரேன்னுதான் உள்ள போனா."

எங்கள் ஆள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கம்பியைக் கையாலேயே அழுத்தி இறக்கினார்.

இங்கே குளிர் அதிகம். யாராவது வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்புங்கள், துவைக்க வேண்டாம். நீங்களும் பாப்பாவும் இப்போது எந்த அறையில் படுக்கிறீர்கள், யார் சுவரோரம் என்று எழுதுங்கள். சும்மாதான் கேட்கிறேன்.

வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார். வருகிறேன்.

பாப்பாவின் அம்மா