கம்பத்தில் சுருட்டி வைத்த மிச்சம்

ஆகஸ்ட் 20, செவ்வாய்

காலை 11.20. போன். பூதலூர் ரோட்டில் கேபிள் பள்ளத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். நல்ல வெயில். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, கரையெல்லாம் சேறு, தோண்டத் தோண்டச் சரிகிறது. போனில் கலைவாணி மேடம். என் மனைவி ரெ. வேலை பார்த்த லைப்ரரியை இப்போது கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறவர். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து வந்து திறப்பார். மற்ற நாள் பூட்டு.

"சேவியர் தம்பி, நல்ல சேதி. உக்காந்துதானே இருக்கீங்க?"

"நிக்கிறேன் மேடம்."

"மாவட்ட ஆபீஸ்லேருந்து கூப்ட்டாங்க. அரசாங்கச் செலவுல நெட் கொடுத்த ஊர் லைப்ரரியிலயே நம்மளுதுதான் ரொம்ப யூஸ் ஆவுதாம். முதலிடம்! வெள்ளிக்கெழம வர்றாங்க. ரெஜினா போட்டோவ சுவத்துல மாட்டுறாங்க, கேடயம் வேற. அந்தப் புள்ள எத்தன மனு எழுதுச்சு…"

அழுதுவிட்டார். நான் "சரிங்க மேடம்" என்றேன். ஆறுதல் சொல்ல வேண்டியவன் நானா அவரா, தெரியவில்லை.

மதியம் புளிசாதம். பாதி நாய்க்கு.

வாங்க: சோப்பு, கொசுவத்தி, வயர் வெட்டும் பிளேடு, ரெ. போட்டோவுக்குப் பெரிய பிரேம். (எந்தப் போட்டோ? கல்யாண ஆல்பத்தில் இருப்பதெல்லாம் சிரிக்கிற போட்டோ.)

சாயங்காலம் குளிக்கும்போதுதான் உறைத்தது. வாரத்துக்கு இரண்டு நாள் திறக்கிற லைப்ரரி. ஜூனில் ரெ. காய்ச்சலில் போனதிலிருந்து அப்படித்தான். அது எப்படி முதலிடம்? தண்ணீர் போகாத வாய்க்கால் எப்படி நிரம்பி ஓடும்?

மெஷின் காட்டுகிற கணக்கு பொய் சொல்லாது. யாரோ யூஸ் பண்ணுகிறார்கள்.

ஆகஸ்ட் 21, புதன்

மேகமூட்டம். அரை நாள் லீவு சொன்னேன். சூப்பர்வைசர் காரணம் கேட்கவில்லை. மனைவி செத்தவனிடம் யாரும் காரணம் கேட்பதில்லை.

லைப்ரரி நெட் லைனைப் பற்றி எழுதி வைக்க வேண்டும். மறந்துபோகும் என்றில்லை. சும்மா.

லைன், மோடம், மாச பில் எல்லாமே அரசாங்கம் கட்டும். லைப்ரரிக்குப் பைசா செலவில்லை. ஆனால் லிஸ்டில் ஏறுவதற்கு ரெ. நடந்த நடை கொஞ்சமில்லை. நான் மஸ்கட் வேலையை விட்டு வந்து, ஃபைபர் போடும் கம்பெனியில் சேர்ந்த சமயம். அவள் லைப்ரரிக்கான வேலை என் கைக்கே வந்தது. கம்பத்திலிருந்து சுவர் வரை நான்தான் இழுத்தேன். அவள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு.

"மிச்சம் நெறைய வுடுங்க. பின்னாடி காலி எடத்துல புது வாசிப்பறை வரும். அங்க இழுக்கணும்."

"அது எப்ப வரும்?"

"மனு கொடுத்துருக்கேன்ல."

எந்த ஃபைபர்காரனும் கம்பத்தில் கொஞ்சம் மிச்சம் சுருட்டி வைப்பான். வயர் அறுந்தால் இழுத்து ஒட்ட வேண்டுமே. நான் அவள் சொன்னாள் என்று பெரிய வளையமாகவே சுருட்டினேன். சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, "கேபிள் என்ன ஒங்க மாமனார் வூட்டு சீதனமா?" என்றார். ரெ. விழுந்து விழுந்து சிரித்தாள்.

இன்று போய்ப் பார்க்கிறேன், கம்பத்தில் வளையம் இல்லை.

வெறும் ஆணி. வயர் லைப்ரரிச் சுவருக்குப் போகவில்லை. வேப்பமரக் கிளை வழியாக ரோட்டைத் தாண்டி எதிர்ப் பக்கம் போகிறது. லூர்து மச்சான் கடைக்கு. ரெ.யின் கூடப்பிறந்த அண்ணன். கம்ப்யூட்டர் சென்டர். விசா பாரம், ஃபிளைட் டிக்கெட், வளைகுடாவில் இருக்கிறவர்களோடு வீடியோவில் பேச வரிசையாகத் தடுப்பு அறை.

கீழே நின்று மேலே பார்த்துக்கொண்டே இருந்தேன். கழுத்து வலித்தது. ஒட்டு கிட்டு எதுவும் இல்லை. மோடத்தைக் கழற்றி, வளையத்தைப் பிரித்து, அப்படியே கொண்டு போயிருக்கிறார்கள். நான் விட்ட மிச்சம் அந்தக் கடை வரைக்கும் சரியாக எட்டியிருக்கிறது.

கலைவாணி மேடத்துக்குப் போன். "மேடம், மோடம் எங்க?"

"என்ன தம்பி, நீங்கதானே ரிப்பேருக்குக் கேட்டீங்கன்னு லூர்து எடுத்துட்டுப் போனாரு? நான் பொறுப்பெடுக்க வந்தன்னிக்கே சொன்னாரே. வெள்ளிக்குள்ள வந்துடும்ல?"

"அப்ப இத்தன நாளா யாரு மேடம் யூஸ் பண்ணா?"

"ரெஜினா இருந்தப்ப பண்ண கணக்குன்னு நெனச்சேன்பா. எனக்கு இந்த மெஷின் சமாச்சாரம் ஒண்ணும் புரியாது."

கடை வாசலில் மும்தாஜ் உட்கார்ந்திருந்தாள். ரெ.யின் சினேகிதி. புருஷன் துபாயில். மடியில் குழந்தை தூங்குகிறது.

"வாங்கண்ணே. பேசறதுக்கா? நாலு பேரு நிக்கிறாங்க. ஆனா லைனு சும்மா சொல்லக்கூடாது, அவரு மூக்குல இருக்குற பருகூட தெரியுது."

"எப்பேர்ந்து இப்படி?"

"ஜூன் மாசத்துலேர்ந்து. முன்னல்லாம் லைப்ரரிலயே பேசிக்குவேன். ரெஜினாக்கா காசு கேட்டதே இல்ல. இங்க மணிக்கணக்குக்குக் காசு." அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாப்டீங்களாண்ணே?"

உள்ளே போனேன். லூ. எழுந்து நாற்காலி போட்டார். கல்லாவுக்கு மேலே மாதா படம், பக்கத்தில் ரெ. படம், மல்லிப்பூ. அதற்குக் கீழே மோடம். பச்சை விளக்குகள் ஓடிக்கொண்டிருந்தன. அதன் முதுகில் என் கையெழுத்தில் ஸ்டிக்கர்.

"மாப்ள, வெள்ளிக்கெழம சேதி தெரியும்ல? நம்ம புள்ளைக்கு எவ்ளோ பெருமை பாரு."

"மோடத்த எடுத்தீங்களா மச்சான்?"

"ஒக்காரு மொதல்ல. டேய், ஒரு டீ சொல்லு."

"எடுத்தீங்களா?"

"சும்மா கெடந்துச்சுய்யா. லைப்ரரி பூட்டிக் கெடக்கு. அரசாங்கம் மாசாமாசம் கட்டுது, யாருக்கு? எலிக்கா? பக்கத்து வயல்ல நடவு இல்லன்னா மடைய நம்ம பக்கம் திருப்பிக்கறதில்லையா? ஊர் வழக்கம்தான?"

"வயக்காரன்ட கேட்டுட்டுத்தான் திருப்புவாங்க."

லூ. என்னை விசித்திரமாகப் பார்த்தார். சத்தமாகக்கூட இல்லை, ரொம்ப மெதுவாகத்தான் சொன்னார்.

"கேட்டேனே மாப்ள. நீதான சாவியக் கொடுத்த."

ஞாபகம் வந்தது. அடக்க நாள். வீட்டு வாசலில் பந்தல். பெட்டி இன்னும் கோயிலுக்குக் கிளம்பவில்லை. லூ. என் தோளில் கைபோட்டு அழுதுகொண்டே காதில் என்னவோ சொன்னார். "லைப்ரரி சாவி" என்பது மட்டும் காதில் விழுந்தது. அவள் மேசைக்கு மாலை போடப் போகிறார், அவள் உட்கார்ந்த நாற்காலியைப் பார்த்து அழப் போகிறார் என்று நினைத்தேன். ரெ.யின் கைப்பையைத் திறந்து, அவள் கர்ச்சீப்புக்கு அடியிலிருந்து சாவியை எடுத்து நானே கொடுத்தேன். எடுக்கும்போது கர்ச்சீப்பில் அவள் வாசனை. அதனால்தான் மற்றதெல்லாம் மறந்திருக்கிறது.

"அன்னிக்கேவா மச்சான்?"

"அடக்கம் முடிஞ்சு, சாயங்காலம். எல்லாரும் வீட்ல இருந்தாங்க. கடைக்கு வாங்குன கடன எப்டி அடைக்கிறதுன்னு எனக்கு மட்டும் தெரியும்யா. அவ என் தங்கச்சி. உயிரோட இருந்தா அவளே 'எடுத்துக்கண்ணே'ன்னு கொடுத்துருப்பா."

கொடுத்திருக்க மாட்டாள். அது எனக்குத் தெரியும். ஆனால் அதை அவரிடம் நிரூபிக்க என்னிடம் ஆள் இல்லை.

டீ வந்தது. குடித்தேன். ஏன் குடித்தேன்?

கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு ஒதவி. வெள்ளிக்கெழம ஆபீசருங்க வரும்போது மோடம் அங்க எரியணும். நீ நாளைக்கு மாத்தி வச்சுரு. ரெண்டு மணி நேரம் விழா. அவங்க போனதும் திருப்பிக்குவோம். வேற ஆள உட்டா கேபிள ஒடச்சுப்புடுவான். ஒன் கை பட்டாத்தான் சரியா வரும்."

"சரி மச்சான்" என்றேன். இங்கேயும் அதே சரி.

ஆகஸ்ட் 22, வியாழன்

காலையில் தூறல். அப்புறம் வெளுத்தது. நாற்றங்காலுக்கு நல்லது என்று பஸ்ஸில் ஒருவர். "நம்ம பக்கம் மொறத் தண்ணி வர்றதுக்குள்ள மானமே ஊத்திப்புடும்" என்று இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

பிரேம் வாங்கினேன். படம் மஸ்கட்டுக்கு அவள் அனுப்பியது. லைப்ரரி அலமாரி முன்னால் நிற்கிறாள். சிரிக்கவில்லை. கணக்குப் பார்ப்பதுபோல ஒரு முகம்.

கம்பெனியில் வயர் முனையை ஒட்டுகிற ஸ்ப்ளைசிங் மெஷின் கேட்டேன். "விழாவுக்கு லைன் செக் பண்ணணும்." கொடுத்தார்கள்.

மாலை நாலு மணி வாக்கில் வேலை. கலைவாணி மேடம் விழா ஏற்பாட்டுக்காக வந்து திறந்து வைத்திருந்தார். கடையிலிருந்து மோடத்தைக் கழற்றினேன். லூ. தானே ஏணியைத் தூக்கி வந்தார். கீழே நின்று பிடித்துக்கொண்டார். ரெ. நின்ற அதே இடம்.

வேப்பங்கிளையிலிருந்து வயரைப் பிரித்தெடுத்தேன். லைப்ரரிப் பக்கம் கொண்டுவந்தேன்.

"மிச்சத்த அப்டியே சுருட்டி மாட்டிடு மாப்ள" என்று கீழேயிருந்து சொன்னார். போன் வந்தது, பேசிக்கொண்டே கடைக்குப் போய்விட்டார். யாரோ டிக்கெட் கேட்கிறார்கள்.

மேலே தனியாக. தூரத்தில் ஆற்றுப் பாலத்தில் லாரி போகிற சத்தம். பிளேடை எடுத்தேன்.

கம்பத்திலிருந்து லைப்ரரிச் சுவர் வரைக்கும் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும். அதற்கு மேல் ஒரு சாண்கூட இல்லை. மீதியை வெட்டினேன். உள்ளே போய் மேசையில் மெஷினை வைத்து முனையை ஒட்டினேன். விளக்கு பச்சையாக எரிந்தது. ஒட்டு சுத்தமாக வந்திருந்தது.

மிச்சம் விடாமல் வேலை முடிப்பது எங்கள் தொழிலில் கேவலம். கற்றுக்கொடுத்தவர் பார்த்தால் கன்னத்தில் அறைவார்.

வெட்டினதைச் சுருட்டிப் பைக்குள் போட்டேன். கம்பத்து ஆணியில் பழைய வயர்த் துண்டு ஒன்றை வளையமாக மாட்டினேன், சும்மா, பார்வைக்கு. வெள்ளி சாயங்காலம் வரை தாங்கினால் போதும்.

இறங்கும்போதுதான் நினைவு வந்தது. பின்னால் காலி இடம். புது வாசிப்பறை. அது வந்தாலும் இனி இந்த வயர் அங்கே எட்டாது.

அதை நினைக்காமல் வெட்டிவிட்டேன். நினைத்திருந்தாலும் வெட்டியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. இதை எழுதும்போது முதல்முறையாக நெஞ்சு வலிக்கிறது.

கலைவாணி மேடத்திடம் ஒன்று மட்டும்: "மேடம், இந்தப் பூட்ட மாத்திருங்க. புதுச் சாவி ஒங்களண்ட மட்டும் இருக்கட்டும்."

ஏன் என்று கேட்கவில்லை. வயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வாரத்துக்கு அஞ்சு நாள் தொறக்கச் சொல்லி நானும் ஒரு மனு போடறேன்பா" என்றார்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

நல்ல வெயில். வெள்ளைச் சட்டை. அயர்ன் கரண்ட் போவதற்குள் முடித்தேன்.

விழா. பிளாஸ்டிக் நாற்காலி, ஷாமியானா, மைக் கூவல். அதிகாரி படத்தைத் திறந்து வைத்தார். "இந்தச் சகோதரியின் உழைப்பால் இந்தச் சிற்றூர் உலகத்தோடு இணைந்தது." கைதட்டல். கேடயம் வாங்க என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்த லூ. எழுந்தார். "அண்ணங்காரன் வாங்கட்டும், மாப்ள ஒடஞ்சு போயிருக்காரு." எல்லோரும் உச் கொட்டினார்கள். மைக்கில் பேசினார். "என் தங்கச்சி ஏத்தி வச்ச விளக்கு அணையாது." அழுதார். நிஜமான அழுகை. அதுதான் தாங்க முடியவில்லை. பொய்யாக அழுதிருந்தால் எளிது.

மும்தாஜ் குழந்தையோடு கடைசி வரிசை. ரெ. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேசரி, மிக்சர், காபி. அதிகாரிகள் கார் கிளம்பியது. லூ. கிட்டே வந்து மெதுவாக, "மேடம் பூட்டுறதுக்குள்ள நான் எடுத்துக்கறேன். நீ போய் ரெஸ்ட் எடு."

"சரி மச்சான்."

வீட்டுக்கு வந்தேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பையில் அந்த வெட்டின சுருள் இருந்தது. அவளுடைய கைப்பையில், சாவி இருந்த இடத்தில் வைத்தேன். பாதி வெளியே நிற்கிறது.

இந்நேரம் அவர் ஏணியில் இருப்பார். வளையத்தை இழுத்திருப்பார். துண்டு கையோடு வந்திருக்கும். வேறு ஆளை வைத்து ஒட்டி நீட்டலாம், முடியாததில்லை. ஆனால் ஒட்டினால் அந்த ஒட்டைப் பாதுகாக்கக் கம்பத்தில் பெட்டி மாட்ட வேண்டும், நடுரோட்டில், எல்லோரும் பார்க்க. இந்தத் தடவை கேட்டுத்தான் செய்ய வேண்டியிருக்கும்.

போன். லூ. நான் எடுக்கவில்லை.

மறுபடி லூ.

மறுபடி.

மும்தாஜ். இன்றைக்கு வெள்ளி, அவள் புருஷனுக்கு லீவு நாள். கடையில் காத்திருப்பாள். அவள் பெயரைப் பார்த்ததும் எடுக்கப் போனேன். என்ன சொல்வது? லைப்ரரிக்குப் போ, பச்சை விளக்கு அங்கேதான் எரிகிறது என்றா? மேடம் பூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போயிருப்பார். இனி செவ்வாய்தான்.

மறுபடி லூ.

போனை அணைத்துவிட்டேன்.