வேருக்குள் இன்னொன்று

விவேக் நகர், பெங்களூர்
14.8.1997

அன்புள்ள சரளா அக்காவுக்கு,

சாந்தகுமாரி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்களுக்குச் சளி விட்டதா? ஜெர்மனியில் மிளகு கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், பார்சல் போடுகிறேன்.

இன்று வியாழக்கிழமை. குழந்தை இயேசு கோயில் கூட்டத்தில் பஸ் நகரவே இல்லை, பாதியில் இறங்கி நடந்து வந்தேன். வீட்டுக்கார ஹெர்பர்ட் அங்கிள் கேட்டிலேயே நிறுத்தி, சரளா லெட்டர் போட்டாளா என்று கேட்டார். நீங்கள் இரண்டு போட்டுவிட்டீர்கள். பதில் எழுதாதவள் நான்தான். ஈமெயில் அனுப்பலாம் என்றால் லேபில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர், முதுகுக்குப் பின்னால் நாலு பேர் நின்று படிப்பார்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஆர்க்கிட்டின் ஜீன் என்று கண்டுபிடித்தது ஆர்க்கிட்டினுடையது இல்லை அக்கா. பூஞ்சையினுடையது.

அந்தச் செடிக்கு இலையே கிடையாது. அரைக்க வேர்தான் கிடைக்கும். வேரின் செல்லுக்குள் பூஞ்சை சுருண்டு கிடக்கும், இரண்டின் டி.என்.ஏவும் கலந்துதான் வரும். அதனால்தான் நீங்கள் பூஞ்சையைத் தனியே வளர்த்து, அதில் இந்த ஜீன் இல்லை என்று காட்டினீர்கள். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வேருக்குள் இன்னொரு பூஞ்சையும் இருந்திருக்கிறது. வளர்வதில் அது மகா சோம்பேறி, என்னைப் போல.

பூஞ்சை வளர்க்கும் தட்டுகளில் ஒன்றும் வளராதவற்றை நீங்கள் வாரம் தவறாமல் கழுவி வைப்பீர்கள். நான் தம்பி கல்யாணத்துக்கு வேலூர் போனவள், தட்டுகளை அப்படியே போட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், காலி என்று நினைத்த ஒன்றில் வெள்ளையாக நூல் ஓடியிருந்தது. சும்மா இருக்கட்டும் என்று அதன் டி.என்.ஏவையும் சேர்த்துச் சோதனையில் ஓட்டினேன். உங்கள் ஜீன் பிலிமில் பளிச்சென்று பட்டையாக விழுந்தது. பிறகு செடி பூத்தபோது இதழையும் அரைத்துப் பார்த்தேன். இதழில் பூஞ்சை கிடையாது. பட்டையும் இல்லை. தப்பாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு மறுபடி மறுபடி செய்தேன். ஒவ்வொரு முறையும் அதேதான்.

ஆனால் முதல் முறை அப்படி வேண்டிக்கொள்ளவில்லை. இருட்டறையில் அந்தப் பட்டை எழுந்து வந்தபோது எனக்கு வந்தது சந்தோஷம். கத்திவிடாமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டேன். உங்கள் ஞாபகம் பிறகுதான் வந்தது. பைப்பெட் பிடிக்கக்கூடத் தெரியாமல் வந்தவளை நீங்கள் குடியிருந்த இந்த வாடகை அறையில் சேர்த்துக்கொண்டு, ரசம் வைத்துக் கொடுத்து ஆளாக்கியவர் நீங்கள். அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

உடனே சொல்லியிருக்க வேண்டும். அந்த ஜீனை நம்பித்தான் அங்கே உங்களுக்கு வேலையை நீட்டித்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. நான் சும்மா இருந்த நாளெல்லாம் நீங்கள் இல்லாத ஒன்றின் மேல் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறீர்கள்.

நேற்று சீனிவாசராகவன் சார் பிலிமைப் பார்த்துவிட்டார். என் பெயரை முதலில் போட்டு உடனே கட்டுரை எழுதச் சொன்னார். அச்சில் வரும்வரை சரளாவுக்குத் தெரிய வேண்டாம், தெரிந்தால் அவள் முந்திக்கொள்வாள் என்றார். நான் தலையாட்டினேன். அவர் என் கைடு, என் பட்டம் அவர் கையெழுத்தில் இருக்கிறது என்றெல்லாம் காரணம் சொல்லலாம். ஆசையும் இருந்தது அக்கா.

பிலிம்களின் பிரதி எல்லாவற்றையும் இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் கட்டுரை வந்த பத்திரிகைக்கு நீங்களே திருத்தம் எழுதிவிடுங்கள். இன்னொருத்தி வந்து உங்கள் தப்பைக் காட்டினாள் என்று வரக்கூடாது. என் பெயரைச் சேர்ப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம். பூவிதழை இன்னும் ஒரு முறை செய்து பார்க்க வேண்டும் என்று சாரிடம் பொய் சொல்லி நாளைக் கடத்துகிறேன். இன்று காலை டெல்லி போயிருக்கிறார், அவர் திரும்பி வரும்வரைதான் அது செல்லும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குப் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, பத்திரிகைக்கு எழுதிவிடுங்கள் அக்கா.

என்றும் உங்கள்
சாந்தா